மூன்று நாள், ஐந்து பேர், ஒரு கார்: ஜூன் மாதத்தில் குமரி மாவட்டத்தைச் சுற்றலாமா?

மதுரையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். ஐந்து நண்பர்கள், வாடகைக்கு ஒரு கார், ஜூன் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு, திங்கள். கன்னியாகுமரி, வட்டக்கோட்டை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, சிதறால், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, முட்டம், லெமூர் கடற்கரை என்று பத்து இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார். மேப்பில் எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தால் இருநூறு கிலோமீட்டர் கூட வரவில்லையாம். அப்படியானால் ஒன்றரை நாளில் முடித்துவிட்டு மீதி நேரத்துக்குக் கேரளாவுக்குள் போய்வரலாமா என்பது ஒரு கேள்வி. மழைக்காலத்தில் போகாதே என்று வீட்டில் சொல்கிறார்களே, அது சரியா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: இந்தப் பத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

நான் இந்த மாவட்டத்துக்குள் பல வருடம் சுற்றுலா வேன் ஓட்டியவன். இப்போது மற்றவர்கள் ஓட்ட, நான் வழியும் நேரமும் சொல்லிக்கொடுக்கிறேன். சாலையைப் பற்றியும், எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும். கடலைப் பற்றிக் கடற்கரைக்காரர்களுக்குத்தான் தெரியும், காட்டு வழியைப் பற்றி வனத்துறைக்கு. அந்த இரண்டிலும் நான் சொல்வதை விட, அன்று காலை அங்கே நிற்பவர் சொல்வதுதான் கணக்கு.

முதலில் தூரம். இருநூறு கிலோமீட்டர் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் மதுரையில் இருந்து நான்குவழிச் சாலையில் வந்த வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் தொடங்கிவிடும். நடுவில் வெறும் பொட்டல் என்று ஒரு இடம் கிடையாது. பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் 2018-ல் மேம்பாலங்கள் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான். உள் சாலைகள் இன்னும் மெதுவானவை. இரண்டு பக்கமும் வீட்டு மதில், அதற்கு மேல் பலாவும் தென்னையும், எதிரே ஒரு பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். மேப் ஒரு மணி நேரம் என்றால் ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோவளம் என்று மேப்பில் போடும்போது கவனம். சூரியன் மறைவதைப் பார்க்கக் கன்னியாகுமரியை ஒட்டி இருக்கும் கோவளத்துக்குப் போக நினைத்துவிட்டு, திருவனந்தபுரத்துக் கோவளத்துக்கு வண்டியைத் திருப்பியவர்கள் நிறையப் பேர். சந்தேகம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். "நேரா போய் அந்த முக்குல கேளுங்க" என்பார்கள். முக்கு என்றால் சாலை திரும்பும் இடம். அங்கே கட்டாயம் ஒரு டீக்கடை இருக்கும், அங்கே சரியான வழி கிடைத்துவிடும்.

ஆகவே இந்த மாவட்டத்தில் தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் வேலைக்கு ஆகாது. எந்தக் கதவு எப்போது திறக்கும், எந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான் போட வேண்டும். உங்கள் திட்டத்தில் உள்ள பெரிய ஓட்டையே அதுதான். அரண்மனையைத் திங்கட்கிழமைக்கு வைத்திருக்கிறீர்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. 1956 நவம்பர் 1-ல் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மண் இங்கே வந்தது, அரண்மனை கேரள அரசிடமே தங்கிவிட்டது. இன்றும் அவர்களுடைய தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. மதியம் உணவு இடைவேளை உண்டு. மாலையில் மூடுவதற்குக் கொஞ்சம் முன்பே டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள். மூன்றே முக்காலுக்குப் போய் அரை மணியில் ஓடிப் பார்க்கிற இடம் இல்லை அது. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூர் ஆளப்பட்ட வீடு. மரவேலைக்காகவே இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் நடக்கும்போது, வெளியே மழை பெய்துகொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஓட்டுச் சரிவும் மரச்சட்டமும் இந்த ஊர் மழையை மனதில் வைத்துச் செய்தவைதானே.

அதற்கு முன்னால், நாகர்கோவிலில் இருந்து வரும் வழியில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. உங்கள் பட்டியலில் இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரி, பிறகு அதே ராஜாவுக்குப் படைத்தளபதி ஆனார். அவருடைய கல்லறை இந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியது. நீங்கள் பார்க்கப் போகும் வட்டக்கோட்டையைப் பலப்படுத்தியதும் அவர்தான். இந்த இரண்டையும் பார்த்து, மாலையில் குளச்சல் வழியாகவும் போனால் ஒரு கதை முழுதாகக் கிடைக்கும்.

சரி, மழை. இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஜூன் கடைசி என்பது தென்மேற்கின் நடுவாந்தரம். ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி பெய்யாது. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை என்று மலையை ஒட்டிய மேற்குப் பகுதியில் கொட்டும்போது, கன்னியாகுமரி முனையிலும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கம் மழைக்குப் பதில் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். மேலே கேரியரில் சாமான் கட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் முப்பந்தலில் வேகத்தைக் குறையுங்கள், பக்கவாட்டில் தள்ளும். இதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. நீங்கள் வரும் அந்த மூன்று நாளில் எவ்வளவு பெய்யும் என்பதை இப்போதே யாராலும் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் மலைப்பக்கத்தை விட்டுவிடுங்கள். மற்றபடி மழையில் வராதே என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ரப்பர்த் தோட்டங்களும் வயல்களும் கழுவிவிட்டது போல இருக்கும் மாதம் இது.

ஆனால் மழையில் வரலாம் என்றால் கடலில் இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் முட்டமும் லெமூரும் இருக்கின்றன, நீங்கள் ஐந்து பேர், எல்லோரும் இளைஞர்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கடற்கரை முழுக்கக் கொந்தளிப்பாக இருக்கும், அது கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. கடற்கரைக்காரர்கள் கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயலில் கிளம்பிய அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து கரை ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. பார்க்க அமைதியான கடல் திடீரென்று மேலே வந்து, ஆளைச் சுருட்டிக்கொண்டு திரும்பும். 2024 மே 6-ல் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் நண்பர்களாக வந்த மருத்துவ மாணவர்களில் ஐந்து பேர் இறந்தது அப்படித்தான். அன்று எச்சரிக்கையும் இருந்தது. நீச்சல் தெரியும் என்பது அந்த அலைக்கு முன்னால் பெரிய விஷயம் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் கடல் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது, மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும். அதைப் பாருங்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் ஜூனில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் "இறங்காதிய மக்கா" என்றால் விவாதம் செய்யாதீர்கள். முட்டத்தில் பாறை மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் இதே கணக்குதான். பாசி படிந்த பாறை, கீழே கொதிக்கும் தண்ணீர். முட்டத்தின் அழகு மேட்டில் நின்று பார்த்தாலே முழுதாகக் கிடைக்கும்.

அருவி விஷயம் இதை விட எளிது, ஏனென்றால் அங்கே முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. திற்பரப்பு கோதையாற்றில் இருக்கிறது, அதற்கு மேலே பேச்சிப்பாறை அணை. 1906-ல் முடிந்த அணை, முழுக் கொள்ளளவு 48 அடி. நீர்மட்டம் அதை நெருங்கிவிட்டால் மறுகால் திறப்பார்கள், அதாவது உபரித் தண்ணீரை வெளியே விடுவார்கள். அந்தத் தண்ணீர் நேராகத் திற்பரப்புக்கு வரும். அப்போது குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளின் நீர்மட்டம் தினமும் வரும். பேச்சிப்பாறை நீர்மட்டம் நாற்பத்தைந்து அடிவாக்கில் இருந்து, மலையில் மழையும் தொடர்ந்தால் குளிக்க விடமாட்டார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். தடை இருந்தாலும் போங்கள், செம்மண் நிறத்தில் அந்தத் தண்ணீர் விழுவதைத் தள்ளி நின்று பார்ப்பதும் ஒரு காட்சிதான். பேச்சிப்பாறை அணையை மட்டும் நேரம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு அணை, அவ்வளவுதான். போகும் சாலைதான் அழகு. மழைக்காலத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டும் இடத்துக்கு மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டியிருப்பார்கள், வெட்டிய இடம் நனையாமல் இருக்க. படம் எடுக்கத் தோட்டத்துக்குள் இறங்கினால் காலில் அட்டை ஏறும், சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் வைத்து நான் போட்டுக்கொடுக்கும் வழி இது. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மதுரையை விடுங்கள், ஒன்பது மணிவாக்கில் காவல்கிணறு வந்துவிடலாம். அங்கே சாலை பிரியும். நேராகப் போனால் கன்னியாகுமரி, வலது பக்கம் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில். எல்லோரும் நேராகப் போய், சனிக்கிழமை நடுப்பகலில் படகு வரிசையில் போய் நிற்பார்கள். நீங்கள் வலது பக்கம் திரும்புங்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மதியம் நடை சாத்துவதற்குள் பார்த்துவிட முடியும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், இங்கே பெரும்பாலான பழைய கோயில்களில் அந்த வழக்கம் உண்டு. நாகர்கோவிலில் சாப்பாடு, பிறகு உதயகிரி, இரண்டு மணிக்கு அரண்மனை. இரவுக்குத் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ தங்குங்கள். கன்னியாகுமரியில் அறை போட்டுவிட்டுத் தினமும் அங்கிருந்து மேற்கே வந்து போவதுதான் வெளியூர்க்காரர்கள் செய்யும் வீண் வேலை. ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு மணி நேரம் சாலையிலேயே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பில் கூட்டம் தாங்காது. அதனால் அதையே முதலில் வையுங்கள், காலையில் திறந்த உடனே. அங்கிருந்து பக்கத்தில் திருநந்திக்கரை, பாறையைக் குடைந்த பழைய குகைக்கோயில், பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். இந்த இரண்டு ஊர்ச் சிவன் கோயில்களும் சிவாலய ஓட்டத்தில் வருபவை. மாசி மாதம் சிவராத்திரிக்கு முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்களை, நூறு கிலோமீட்டருக்கு மேல், கையில் விசிறியோடு "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடுவார்கள். சிவன் கோயிலுக்கு ஓடுபவர்கள் பெருமாள் பெயரைச் சொல்வது இந்த மண்ணின் வழக்கம். நீங்கள் காரில் திணறப் போகும் அதே உள் சாலைகள்தான் அவர்களுக்கும். மத்தியானம் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே, நூறு அடிக்கு மேல் உயரத்தில், பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரை ஒரு மலையில் இருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோக 1966-ல் கட்டி முடித்த பாலம். ஒரு பக்கம் நடந்து போய், படியில் இறங்கி ஆற்றங்கரையில் நின்று தூண்களை அண்ணாந்து பார்த்தால்தான் அதன் அளவு புரியும். மேலே காற்று பலமாக இருக்கும், கைபேசியைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டாதீர்கள். பிறகு சிதறால். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணர் மலை, தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையிலேயே செதுக்கியவை. மழை விட்டிருந்தால் மட்டும் ஏறுங்கள், ஈரப்பாறை வழுக்கும். ஐந்தரைக்குள் முட்டம் வந்துவிட்டால் மாலைக் கடலைப் பார்த்துவிட்டு, ராஜாக்கமங்கலம் வழியாக இரவு கன்னியாகுமரி போய்த் தங்கலாம். கடலை ஒட்டியே ஒரு சாலை போகிறது, பகலில் அருமையானது. ஆனால் கடல் அரித்த பகுதிகள் உண்டு, இருட்டில் புது ஆளுக்கு வேண்டாம்.

சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலையில் புட்டு, பயறு, பப்படம். மதியம் மரச்சீனிக் கிழங்கும் (உங்கள் ஊர் மரவள்ளி) மீன் கறியும் கிடைக்கும் கடையில் உட்காருங்கள். சாயங்காலம் ரசவடை. தேங்காய் எண்ணெய் வாசனை பழகாதவர்களுக்கு முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும், இரண்டாம் நாள் சரியாகிவிடும். வழியில் மட்டிப்பழம் பார்த்தால் விடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வாழைப்பழம், சின்னதாக, நல்ல மணத்தோடு இருக்கும். மீனில் ஒரு வேடிக்கை: இந்த ஒரு மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நீங்கள் வரும் நேரத்தில் சின்னமுட்டத்துப் படகுகள் போய்வந்துகொண்டிருக்கும், குளச்சலில் படகுகள் கட்டிக் கிடக்கும். அங்கே கிடைப்பது நாட்டுப்படகு மீன்தான். கொஞ்சம்தான் வரும், ஆனால் அன்றைக்குப் பிடித்ததாக இருக்கும்.

வண்டியைப் பற்றி: தெரிந்த ஒருவர் தன் சொந்தக் காரை நாள் வாடகைக்குத் தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து உள்ள சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்குத் தரும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வித்தியாசம் சாதாரண நாளில் தெரியாது, விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அது ஒரு காரணமாகிவிடும். ஐந்து பேரில் குறைந்தது இரண்டு பேருக்கு உரிமம் இருக்கட்டும், மழையில் உள் சாலையில் ஓட்டுவது ஒருவரைச் சீக்கிரம் களைப்பாக்கிவிடும். ஓட்டுகிறவர் அன்று குடிக்கக் கூடாது. முந்தின இரவு நள்ளிரவு வரை குடித்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் அதில் சேர்த்திதான்.

கேரளாவுக்கு இந்தப் பயணத்தில் நேரம் இல்லை. விட வேண்டியது அதுவும் லெமூரும்தான், முடியாவிட்டால் பேச்சிப்பாறையும். திங்கட்கிழமை காலை சூரிய உதயம், மேகம் விட்டால். அடுத்து எட்டு மணிக்கு முதல் படகு. திங்கட்கிழமை என்பதால் வரிசை குறைவாக இருக்கும். விவேகானந்தர் பாறையில் இருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறந்துவிட்டார்கள், அதனால் பாறைக்குப் படகு போனால் சிலைக்கு நடந்தே போகலாம். ஆனால் ஜூனில் காற்றாலோ, அலையாலோ, கடல் உள்வாங்கியதாலோ படகை நிறுத்துவது சாதாரணம். எப்போது திரும்ப விடுவார்கள் என்று டிக்கெட் கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாது. பத்து மணி வரை பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு வட்டக்கோட்டைக்குப் போங்கள். அங்கே மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையும் காற்றாலைகளும். அங்கிருந்து அஞ்சுகிராமம் வழியாகக் காவல்கிணறு போய்விட்டால் மதுரைச் சாலை கிடைத்துவிடும். தோவாளைப் பூச்சந்தையும் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால், சூரிய உதயத்தையும் படகையும் மறந்துவிட்டு விடியற்காலையிலேயே அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்குப் போனால் காலிக் கூடைகள்தான் இருக்கும்.